வீட்டுக்குள் ஓடிய மூன்று ரவுட்டர்கள்

“உங்க கான்ஃபிக்ல உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?”

வீடியோ காலில் ஒருவர் என்னைக் கேட்ட கேள்வி இது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. இருக்கிறது, இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். நான் இரண்டையும் சொல்லவில்லை. அதனால் என்ன ஆனது என்பதை இங்கே எழுதப் பார்க்கிறேன். சரியாக எழுதிவிடுவேனா என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

கான்ஃபிக் என்பது ரவுட்டருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகள். எந்த வழியாக அனுப்ப வேண்டும், யாரை உள்ளே விட வேண்டும், யாருக்கு என்ன முகவரி தர வேண்டும் என்று வரிவரியாக எழுதுவது. ஒரு வரி தப்பினால் ரவுட்டர் கோபித்துக்கொள்ளாது, எச்சரிக்காது. நீங்கள் எழுதியதை அப்படியே செய்துவிடும்.

நாங்கள் இருப்பது ஒரகடத்தில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனில். பக்கத்துப் போர்ஷனில் வீட்டுக்கார அக்கா. மாடியில் தெற்கிலிருந்து வந்து கம்பெனிகளில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் மூன்று பேர். என் கணவர் கார் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் லைன் டெக்னீஷியன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. வீட்டில் இருக்கும்போது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார்.

நான் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படித்தவள். திருமணத்துக்கு முன்பு இதே பக்கத்தில் ஒரு ஆலையின் ஐடி பிரிவில் வேலை பார்த்தேன். சொல்லும்போது பெரிதாகத் தெரியும். பிரிண்டரில் சிக்கிய பேப்பரை எடுப்பது, பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்குப் புதிதாகப் போட்டுத் தருவது, ஆட்டம் கண்ட கேபிளை அழுத்திவிடுவது, இதுதான் வேலை. ரவுட்டர்கள் இருந்த அறைக்குள் வெளியிலிருந்து கான்ட்ராக்ட் ஆட்கள் வந்துதான் கைவைப்பார்கள். நான் கதவைத் திறந்துவிடுவேன். அவர்கள் முடிக்கும்வரை குளிரில் நிற்பேன். பிறகு பூட்டுவேன். அவர்கள் கருப்புத் திரையில் தட்டுவதை எட்டிப் பார்த்து, எனக்கும் இது வரும் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாளும் கேட்டதில்லை. கர்ப்பமானதும் டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னார். வேலை அதோடு நின்றது.

மகளுக்குப் பேச்சு வரத் தொடங்கிய சமயத்தில், கணவருடைய கம்பெனியில் கழித்துப்போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. அதில் வீட்டிலேயே ஒரு நெட்வொர்க் லேப் போட்டேன். இரும்புப் பெட்டி ரவுட்டரை வாங்க நம்மால் முடியாது. ஆனால் அதே ரவுட்டர் ஒரு கோப்பாகக் கிடைக்கிறது. அதை இமேஜ் என்பார்கள். தயாரிப்பவர்களே பழகிப் பார்ப்பதற்கென்று ஒரு சோதனைப் பதிப்பைத் தருகிறார்கள். கம்ப்யூட்டருக்குள் அதை ஓட்டினால், தான் நிஜப் பெட்டியில் இருப்பதாகவே அது நினைத்துக்கொள்ளும். நாமும் நினைத்துக்கொள்ளலாம்.

ஓட்டுவதுதான் பாடு. ஒரு இமேஜ் எழுந்து உட்காருவதற்குள் சோறு வடித்துவிடலாம். கருப்புத் திரையில் # குறிகள் ஒவ்வொன்றாக நிரம்பும். மகள் மடியில் உட்கார்ந்து, “எறும்பு, எறும்பு” என்பாள். எறும்பெல்லாம் வந்து முடிந்த பிறகு, முதல் அமைப்பைக் கேள்வி கேட்டுக் கேட்டுத் தானே செய்யட்டுமா என்று ரவுட்டர் கேட்கும். வேண்டாம் என்று அடித்துவிட்டு நாமாக எழுத வேண்டும். எழுதியதைச் சேமிக்கவும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு மதியம் கரண்ட் போய், சேமிக்காத அத்தனையும் போனது. அன்றிலிருந்து இரண்டு வரிக்கு ஒருமுறை சேமிப்பேன். சேமித்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் சேமிப்பேன்.

இரண்டு ரவுட்டர் ஓடினால் மின்விசிறிச் சத்தம் தாங்காது. அதனால் மகள் தூங்குவதற்கு முன்பே ஓடவிட்டுவிடுவேன். நடுவில் சத்தம் தொடங்கினால் விழித்துக்கொள்வாள், முதலிலிருந்தே இருந்தால் அதிலேயே தூங்கிப்போவாள். பிள்ளையை மெஷின் சத்தத்தில் தூங்கப் பழக்குகிறேனே, காதுக்கு ஏதாவது ஆகுமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஒன்றும் ஆகாது என்று பொருளா, இப்படியும் ஒரு அம்மாவா என்று பொருளா என்று வீட்டுக்கு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

அத்தை, அதாவது என் மாமியார், மணிமங்கலத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான். என் நாத்தனார் குன்றத்தூரில் இரண்டாவது பிரசவத்துக்குக் காத்திருந்தாள். அம்மா எப்போது வருவாய் என்று தினமும் போன் செய்தாள்.

அத்தை என்னிடம் நேராகவே சொன்னார்: “இங்க பாரு மா. உனக்கு வேலைன்னு ஒண்ணு இருந்தா நான் அவகிட்ட சொல்லிக்குவேன். உன் மாமியார வச்சு பிரசவம் பாத்துக்கடி, எனக்கு இங்க வேலை கீதுன்னு. நீ வூட்ல இருந்துகினே பொட்டிய தட்டிகினு இருந்தா, நான் இன்னான்னு சொல்றது?”

குத்திக்காட்டத்தான் சொன்னாரா, வழி காட்டினாரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் பழைய ஆபீஸ் தோழி ஒரு வேலை விளம்பரத்தை எனக்கு அனுப்பினாள். ஆலைகளுக்கு நெட்வொர்க் பராமரிக்கும் ஒரு கான்ட்ராக்ட் நிறுவனம். நான் யாருக்குக் கதவு திறந்துவிட்டுக்கொண்டிருந்தேனோ, அந்த மாதிரி ஆட்களின் வேலை. ஜெனரல் ஷிஃப்ட், ஒரகடத்திலேயே. இடைவெளி விழுந்ததற்காக என்னைத் தள்ளிவிடவில்லை. வீட்டில் லேப் இருக்கிறது என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு தலைமை அலுவலகம், இரண்டு ஆலைகள், மூன்றுக்கும் ஒவ்வொரு ரவுட்டர். ஆலைகள் இரண்டும் தலைமை அலுவலகம் வழியாகத்தான் வெளி இன்டர்நெட்டுக்குப் போக வேண்டும். லேபில் கட்டிவிட்டு, வீடியோ காலில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

நாத்தனாருக்கு ஒன்பதாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் வேலைக்கான ஆர்டர் கையில் இருந்தால் அத்தை இருப்பார். இல்லையென்றால் போய்விடுவார். பிறகு எந்த வேலைக்கும் என்னால் போக முடியாது. என் அம்மா வேலூரில் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறு ஆள் இல்லை.

மூன்று ரவுட்டர்களை அந்தப் பழைய மெஷின் எப்படியோ தாங்கியது. ஒன்றை ஓடவிட்டு, அது அடங்கியதும் அடுத்தது. உள்ளுக்குள் மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. கடைசியாக மிச்சமிருந்தது தலைமை அலுவலக ரவுட்டரை எங்கள் வீட்டு நிஜ லைனோடு சேர்ப்பது. லேப் மென்பொருளில் அதற்கு ஒரு மேகப் படம் இருக்கும். ரவுட்டரிலிருந்து மேகத்துக்கு ஒரு கோடு இழுத்தால் போதும், உள்ளே ஓடுகிற பொய் உலகம் வெளியே இருக்கிற நிஜக் கேபிளோடு சேர்ந்துவிடும்.

இங்கேதான் தப்பினேன். அந்த மென்பொருள் ரவுட்டரின் போர்ட்களை, அதாவது கேபிள் சேரும் வாசல்களை, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறது. ரவுட்டர் தன் போர்ட்களை ஒன்றிலிருந்து எண்ணிக்கொள்கிறது. படத்தில் ‘ஒன்று’ என்று இருந்ததை மேகத்தோடு சேர்த்தேன். ரவுட்டருக்குள் அது இரண்டு. ஒன்று, வெளியே போகும் வாசல். இரண்டு, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்கும் வாசல்.

ஒரு போன் வைஃபையில் சேரும்போது, எனக்கு ஒரு முகவரி வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தும். யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர்கள் தந்ததை எடுத்துக்கொள்ளும். எங்கள் கட்டடம் முழுக்க ஒரே லைன்தான். வீட்டுக்கார அக்கா வாங்கி, எல்லாப் போர்ஷனுக்கும் கேபிளும் வைஃபையும் விட்டிருக்கிறார். ஆக, அன்று கட்டடத்தில் எந்த போன் கத்தினாலும் என் ரவுட்டர் ஓடிப்போய்ப் பதில் சொன்னது. முகவரி கொடுத்தது. ஆனால் அந்த முகவரியை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது.

எனக்கு ஒன்றும் தெரியாது. என் மெஷின் பழைய முகவரியிலேயே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஏன் போக மாட்டேன் என்கிறது என்று வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் வீட்டுக்கார அக்கா.

“இன்னா மா, உன் வூட்ல நெட்டு வருதா?”

“வருதே அக்கா.”

“எனுக்கு வரல. டிவி சுத்திகினே கீது.”

“ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க அக்கா.” ஐடியில் வேலை பார்த்தவள் அல்லவா, யோசிக்காமல் சொன்னேன்.

அக்கா போய் அதையே செய்தார். அதுவரை பழைய முகவரியோடு தப்பித்துக்கொண்டிருந்த போன்களும் மறுபடி புதிதாகக் கத்தின. என் ரவுட்டர் அத்தனைக்கும் பதில் சொன்னது. கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். மூன்று பேரில் உயரமானவர். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்த முகம்.

“யக்கா, வைஃபை கனெக்ட் ஆயிருக்குன்னு காட்டுது. ஆனா ஒண்ணுமே வர மாட்டேங்கு. நீங்க கம்ப்யூட்டர்லாம் பாப்பீயள்ல, என்னன்னு பாருங்களேன்.”

போனை வாங்கி முகவரி என்ன என்று பார்த்தேன். நான்கு எண்களில் மூன்றாவது எனக்குத் தெரிந்த எண். அது என் மகள் பிறந்த தேதி. லேபில் தலைமை அலுவலக நெட்வொர்க்குக்கு நான் வைத்த எண். மறக்காமல் இருக்கட்டும் என்று வைத்தது. அதிகம் பேசிப் பழகாத ஒருவரின் போனில் அது உட்கார்ந்திருந்தது.

ஓடிப்போய் மேகத்துக்குப் போன கோட்டை அழித்தேன். திரும்பி வந்து, “தம்பி, தப்பு என் மேலதான். போனை ஒரு தடவை வைஃபைல இருந்து எடுத்துட்டு மறுபடி போடுங்க, வந்துரும்” என்றேன். வந்துவிட்டது. வந்த உடனே அவர் போன் கிணுகிணு என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் ஒன்றில் நின்றார்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்லக்கா. ஞாயித்துக்கிழம ஓட்டிக்கு சூப்பர்வைசர் குரூப்புல போட்ருக்கான். மொதல்ல பேரு குடுக்கவனுக்குத்தான். ஃபுல் ஆயிட்டு.” ஓட்டி என்பது ஓவர்டைம். வைஃபை இருக்கும்போது மொபைல் டேட்டாவை நிறுத்திவைப்பது அவர் வழக்கமாம். “பரவால்லக்கா. அடுத்த வாரமும் சனிக்கெழம மத்தியானந்தான போடுவான். பாத்துக்கிடலாம்.”

அதற்குள் அக்காவும் வந்துவிட்டார். என்ன நடந்தது என்று இருவருக்கும் சொன்னேன். என் கம்ப்யூட்டருக்குள் மூன்று ரவுட்டர் ஓடுகிறது, அதில் ஒன்று உங்கள் ரவுட்டருக்குப் பதிலாகப் பேசிவிட்டது என்று.

“கம்பூட்டருக்குள்ள ரவுட்டரா? அத எப்டி மா உள்ள வுட்ட?”

“நெஜப் பெட்டி இல்ல அக்கா. சாஃப்ட்வேர்தான்.”

“பொய் ரவுட்டரா, நெஜ ரவுட்டர ஏமாத்திச்சு?” அக்கா மாடிக்காரரைப் பார்த்தார். “டேய் தம்பி, கேட்டியா? நம்ம கட்டடத்துல ஹேக்கர் கீறாங்க டா. வாடகைய ஏத்திட வேண்டியதுதான்.”

அவர் சிரித்தார். அத்தை உள்ளேயிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, “ஏம்மா, போலீசு கீலீசு வருமா?” என்று கேட்டார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டிக்குப் போகவில்லை. மொட்டைமாடியில் துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வாசலைக் கடக்கும்போது, “பாப்பா என்ன செய்யுதா?” என்று எப்போதும்போல் விசாரித்தார்.

நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டினேன். முகவரி கொடுக்கும் வேலையை உள் வாசலோடு நிறுத்தினேன். வெளி வாசலில் அந்தப் பேச்சே வெளியே போகாதபடி தடை எழுதினேன். போர்ட் எண்களை ஒவ்வொன்றாக, படத்தில் ஒரு விரலும் திரையில் ஒரு விரலுமாக வைத்துச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் மேகத்தோடு சேர்க்கவில்லை. நாளைக்குச் சேர்க்கலாம் என்பேன். மறுநாள், மாடியில் தூங்குகிறார்கள், எழுந்ததும் போனைப் பார்ப்பார்கள் என்று தோன்றும். அதற்கு அடுத்த நாள், அக்கா சீரியல் பார்க்கும் நேரம். ஒரு ஐந்து நிமிடம், அக்கா, நெட் போனாலும் போகும் என்று சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. மறுபடியும் தப்பிவிட்டால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்றும் கூடவே தோன்றியது.

கணவரிடம் சொன்னேன். ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “செக் பண்ணிட்டல்ல? அப்புறம் என்ன?” என்றார்.

“செக் பண்ணிட்டேன். போன தடவையும் செக் பண்ணிட்டுத்தான் போட்டேன்.”

“எங்க லைன்ல டெய்லி ஏதாச்சும் தப்பு நடக்குது. சரி பண்ணிட்டு ஓட்டுறோம். நீ இப்டியே யோசிச்சுக்கிட்டு இருந்தா ஒரு பீஸும் வெளிய போகாது.” கம்பெனி பஸ் வந்துவிட்டது. போய்விட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அவர் ஆலையில் தப்பு நடந்தால் அலறுவதற்கு ஒரு மணி இருக்கிறது. என் கருப்புத் திரையில் ஒன்றும் இல்லை.

வீடியோ கால் ஒரு சனிக்கிழமை மதியம் என்று மெயில் வந்தது. சனிக்கிழமை மதியம் என்று படித்ததும் எனக்கு வேலை நினைவு வரவில்லை. மாடிக்காரரின் குரூப்தான் நினைவு வந்தது. நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்து, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று விட்டுவிட்டேன்.

அன்று காலையிலேயே மூன்றையும் ஓடவிட்டேன். மதியம் அத்தை பிள்ளையை வெளியே கூட்டிப்போகத் தயாரானார். வல்லக்கோட்டை பஸ் திரும்புகிற இடம்வரை போய் பஸ் காட்டுவது அவர்களுடைய பழக்கம். போவதற்கு முன் டெஸ்க்டாப்பின் மேல் கைவைத்துக் கண்ணை மூடினார்.

“கர்த்தாவே, இந்த மெஷின உம்முடைய கரத்துல ஒப்புக்குடுக்கறோம் ஆண்டவரே. இதுக்குள்ள ஓடுற மூணையும் நீரே ஓட்டும். எம்மருமவளுக்கு வாயில வார்த்தைய குடும். ஆமேன்.” கண்ணைத் திறந்து, “சூடா கீதே மா, வெடிச்சிராது இல்ல?” என்றார். மகளும் பெட்டியில் கைவைத்து “ஆமேன்” என்றாள்.

வீடியோ காலில் இரண்டு பேர். ஒருவர் ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டவர். இன்னொருவர் என்னைவிடச் சற்றுப் பெரியவர், ஒரு பெண். கேமராவை அணைத்துவைத்திருந்தார், பெயர் மட்டும் தெரிந்தது. நான் திரையைக் காட்டினேன். முதல் ஆலையிலிருந்து அனுப்பிய செய்தி தலைமை அலுவலகத்துக்குப் போனது. இரண்டாம் ஆலையிலிருந்து அனுப்பியது முதல் ஆலைக்குப் போனது. ஒரு வழியை வெட்டிக் காட்டச் சொன்னார் அந்த ஐம்பது வயதுக்காரர், வெட்டினேன், மாற்று வழியில் போனது. “குட், நல்லா பண்ணியிருக்கீங்க” என்றார். எனக்கு உடம்பெல்லாம் லேசானது. அந்தச் சில நிமிடங்கள் நான் கதவு திறந்துவிடுகிறவள் இல்லை.

“ஓகே மா. இப்ப ஆலைல இருந்து வெளிய இன்டர்நெட்டுக்குப் போய்க் காட்டுங்க.”

“சார், அதுக்கும் கான்ஃபிக் பண்ணி வச்சிருக்கேன். காட்டட்டுமா?” வரிகளைக் காட்டினேன். பார்த்தார்.

“சரியாத்தான் இருக்கு. கனெக்ட் பண்ணுங்க.”

மேகப் படம் ஒரு மூலையில் தனியாக இருந்தது. மவுஸை ரவுட்டர் வரை கொண்டுபோனேன். பூஜ்ஜியம் என்று இருந்தது. பூஜ்ஜியம் என்றால் ஒன்று, ஒன்று என்றால் வெளி வாசல். தெரியும். நூறு முறை பார்த்தது. மேலே மாடியில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. எழுந்துவிட்டார்கள்.

“என்ன மா, ஹேங் ஆயிடுச்சா?”

“இல்ல சார். இது... இது எங்க வீட்டு லைன். மத்தவங்களுக்கும் இதே லைன்தான். ஒரு தடவை கனெக்ட் பண்ணி அவங்களுக்கு நெட் போயிடுச்சு. அதான்...”

“டிஹெச்சிபி லீக் ஆச்சா?” முகவரி கொடுக்கும் வேலையைத்தான் அப்படிச் சொன்னார். அவர் சிரித்தார், கேலியாக இல்லை. “எல்லாரும் ஒரு தடவை பண்றதுதான். நானும் பண்ணியிருக்கேன். இப்பதான் சரி பண்ணிட்டீங்களே. போடுங்க.”

மவுஸைப் பூஜ்ஜியத்தின் மேலேயே வைத்திருந்தேன்.

“உங்க கான்ஃபிக்ல உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?”

இருக்கிறது என்று வாய்வரை வந்தது. இருந்தால் ஏன் இதுவரை போட்டுப் பார்க்கவில்லை? இல்லை என்று சொன்னால், இதுவரை காட்டியதெல்லாம் என்ன? “செக் பண்ணியிருக்கேன் சார்” என்றேன். அவர் கேட்டது அதுவல்ல என்று எனக்கே தெரிந்தது.

அதுவரை பேசாத அந்தப் பெண் பேசினார். “மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க பயப்படறது தப்பில்ல. ஆனா பிளான்ட்ல ஞாயித்துக்கிழமை நமக்குக் கொஞ்ச நேரம்தான் குடுப்பாங்க. அதுக்குள்ள மாத்தி, லைன ஓட விட்டுட்டு வெளிய வரணும். அங்க நின்னுக்கிட்டு யோசிக்க முடியாது. பாதிக்கப்படறது ஒரு வீடு இல்ல, ஒரு ஷிஃப்டே நிக்கும்.”

“புரியுது மேடம்.”

“லேப்தானே இது. லேப்லயே போட முடியலன்னா?”

கேள்வியாகத்தான் சொன்னார், ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஐம்பது வயதுக்காரர் கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டு, “சரி மா, ஹெச்ஆர்ல இருந்து சொல்லுவாங்க” என்றார். திரை அணைந்தது.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி மூன்று ரவுட்டரின் சூட்டையும் என் காலில் ஊதிக்கொண்டிருந்தது. பிறகு மவுஸை எடுத்து, ரவுட்டரிலிருந்து மேகத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். ஆலையிலிருந்து வெளியே சில சோதனைச் செய்திகளை அனுப்பிப் பார்த்தேன். முதலாவது தொலைந்தது, இரண்டாவதிலிருந்து எல்லாம் போய்த் திரும்பி வந்தன. முதல் ஒன்று தொலைவது வழக்கம்தான்.

மாடிப்படியில் பாதிவரை ஏறி நின்று கூப்பிட்டேன். “தம்பி, நெட் வருதா?”

“வருதுக்கா. நல்லா வருது. ஏன்?”

“வைஃபைய ஒரு தடவை எடுத்துட்டுப் போட்டுப் பாருங்களேன்.”

“இப்பவும் வருதே. ஓட்டிக்கும் பேரு குடுத்துட்டேன்” என்றார். சந்தோஷமாகச் சொன்னார்.

அத்தை பிள்ளையோடு திரும்பியபோது நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். “இன்னா மா ஆச்சு?” என்றார். “சொல்றேன்னு சொன்னாங்க அத்தை.” அவர் என் முகத்தைப் பார்த்தார். அன்று சாயங்காலம் நாத்தனாரின் போன் வந்தபோது வெளியே போய்ப் பேசினார். எப்போதும் உள்ளே எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசுவார்.

ஹெச்ஆரிலிருந்து யாரும் சொல்லவில்லை. ஒரு மெயில் போட்டுக் கேட்டேன், பதில் இல்லை. அத்தை துணியை அடுக்கும்போது, “நான் வேணா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டா?” என்று கேட்டார். நிஜமாகத்தான் கேட்டார். நாத்தனாருக்கு ஒன்பதாம் மாதம். எந்தக் காரணத்தைச் சொல்லி அவரை நிறுத்திவைப்பது? “போயிட்டு வாங்க அத்தை” என்றேன். ஆட்டோவில் ஏறும்போது பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபித்தார். என் தலையிலும் வைத்தார். வார்த்தை எதுவும் சத்தமாகச் சொல்லவில்லை.

குன்றத்தூரில் ஆண் குழந்தை. நன்றாக இருக்கிறான். அத்தை அங்கேதான் இருக்கிறார், இன்னும் சில மாதங்கள் இருப்பார். அதற்குப் பிறகு நாத்தனார் வேலைக்குத் திரும்புகிறாள், அங்கே இரண்டு பிள்ளைகள். என் கணவர், அடுத்த வருஷம் பாப்பா ஸ்கூல் போயிடும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். ஸ்கூல் மதியத்தோடு முடிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும்.

ரவுட்டர்கள் இன்னும் ஓடுகின்றன. சோதனைக் காலம் முடிந்துவிட்டது. இந்த இமேஜ் காலம் முடிந்தால் நின்றுவிடாது, வேகம் மட்டும் குறைந்துவிடும். எழுதியதெல்லாம் அப்படியே இருக்கும், அனுப்புவதைச் சொட்டுச் சொட்டாகத்தான் அனுப்பும். முதலில் அதுகூடத் தெரியாமல் என் கான்ஃபிக்கில்தான் ஏதோ தப்பு என்று ஒரு வாரம் தேடினேன். இப்போது மகளை எறும்பு பார்க்கவைப்பதற்காக ஒன்றை மட்டும் ஓட்டுகிறேன். அந்தச் சத்தம் இல்லாமல் அவள் மதியம் தூங்குவதில்லை.

அந்தக் கேள்வியை நான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அன்று அது வேலை செய்தது. நான் எழுதியது சரியாக இருந்தது. அப்படியானால் நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். ஆனால் முதல் தடவை தப்பாகப் போட்டபோதும் நான் சரியென்று நம்பித்தானே போட்டேன்? அன்றைக்கு எனக்கு நம்பிக்கை நிறையவே இருந்தது. இரண்டுக்கும் உள்ளே என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் ஆலைகளில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவர்கள் இருப்பீர்கள். பிள்ளை பெற்று, நடுவில் சில வருடங்கள் விட்டு, திரும்பப் போனவர்களும் இருக்கக்கூடும். வீடியோ கால் முடிந்த பிறகு கோட்டை இழுத்துப் பார்த்தேன், வேலை செய்தது, மாடியில் யாருக்கும் நெட் போகவில்லை என்று அந்த நிறுவனத்துக்கு ஒரு மெயில் எழுதிவைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. அனுப்பினால் கெஞ்சுவதுபோல் இருக்குமா? இத்தனை நாள் கழித்து அனுப்புவதில் ஏதாவது பொருள் உண்டா? வேறு இடத்தில் இதே கேள்வியைக் கேட்டால், நிச்சயமில்லாதபோதும் இருக்கிறது என்று சொல்லிவிடுவதுதான் முறையா? நீங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறீர்களா? பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது என்று தெரியும். மற்றதற்கு இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.